லேன் கேபிள் செருகியும் நெட் வரவில்லையா: ஈதர்நெட் டிரைவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

கேபிள் செருகியிருக்கிறது, ரவுட்டரில் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன, அதே ரவுட்டரின் வைஃபையில் போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது, ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் "நாட் கனெக்டெட்" என்று அடம்பிடிக்கிறது. யாரிடம் கேட்டாலும் வரும் முதல் பதில் "டிரைவர் போட்டுப் பாருங்க". டிரைவர் என்பது லேன் போர்ட்டின் பின்னால் இருக்கும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம், ஆனால் எந்த டிரைவர், எங்கிருந்து, அதற்கு முன் பிரச்சினை டிரைவரில்தானா என்று பார்த்தீர்களா, இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. கண்டதை இறக்கிப் போட்டு இருந்ததையும் கெடுத்துக்கொள்வதற்கு முன் கீழே உள்ள வரிசையில் போங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும், லினக்ஸ்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் தனியாக இருக்கிறது.

முதலில்: இது டிரைவர் கோளாறுதானா?

கேபிள் செருகும் போர்ட்டின் ஓரத்தில் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டுமே எரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள், டிரைவரை அப்புறம் பார்க்கலாம். வேறு கேபிள் மாற்றுங்கள், ரவுட்டரில் வேறு போர்ட்டில் செருகுங்கள், அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். பிளக்கில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் கேபிள் உள்ளே இருப்பதுபோலத் தெரியும், தொடர்பு மட்டும் இருக்காது.

விளக்கு எரிகிறது, நெட்டும் வருகிறது, ஆனால் வேகம் 95 எம்பிபிஎஸ் தாண்டவே மாட்டேன் என்கிறதா? இதற்கும் பலர் டிரைவரைத்தான் குறை சொல்கிறார்கள். லேன் கேபிளுக்குள் 4 ஜோடி, அதாவது 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலோ, பிளக்கைக் கம்பிகளில் அழுத்திப் பொருத்திய கிரிம்பிங் சரியில்லாமல் போனாலோ பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேசி 100-க்கு இறங்கிவிடும், உங்களுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. பழைய மதர்போர்டு, சில மலிவு ரவுட்டர்கள் ஆகியவற்றின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட் என்பதைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், அடாப்டரும் டிரைவரும் ஏறக்குறைய நன்றாகத்தான் இருக்கின்றன, ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், யாராவது கையால் நிலையான ஐபி கொடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இதற்கு டிரைவர் மாற்றுவது வீண் வேலை. ஈதர்நெட் என்ற பெயரே அங்கு இல்லை என்றால்தான் டிரைவர் மேல் சந்தேகம் வலுவாகும்.

மின்சாரத்தை முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் லேன் சிப்புக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக. சிப் ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டால் ரீஸ்டார்ட் செய்தாலும் அது விடுபடாது. அதனால் ஷட்டவுன் செய்து, பின்னால் பவர் கார்டைப் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு செருகுங்கள். லேப்டாப்பில் பேட்டரி கழற்ற முடியாது என்றால் சார்ஜரை எடுத்துவிட்டுப் பவர் பட்டனை 30 நொடி பிடியுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது போட்டிருந்தால் ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து விரித்துக்கொள்கிறது. அதாவது கெட்ட நிலையில் இருந்த டிரைவர் அதே கெட்ட நிலையில் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். "ஷட்டவுன் செய்து போட்டால் நெட் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே இதை எடுத்துவிடலாம்.

டிவைஸ் மேனேஜர் என்ன சொல்கிறது

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். இங்கே பல பெயர்கள் இருக்கும்: வைஃபை, புளூடூத், விபிஎன் மென்பொருள்கள் உருவாக்கிய போலி அடாப்டர்கள், விர்ச்சுவல்பாக்ஸ் போட்டது, வான் மினிபோர்ட் என்று ஒரு கூட்டம். உங்களுக்கு வேண்டியது ரியல்டெக் பிசிஐஇ ஜிபிஇ, இன்டெல் ஈதர்நெட் கனெக்ஷன் போன்ற ஒன்று. அது அங்கு இல்லாமல், அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் "ஈதர்நெட் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால், சிப் இருக்கிறது, டிரைவர் இல்லை. ஒரு வகையில் இது நல்ல செய்தி.

எங்குமே இல்லை என்றால் வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுங்கள். மங்கலாகத் தெரிந்தால் அது முன்பு இருந்தது, இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அப்போது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள் (ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தும் வழக்கமான வேலைதான்), ஆன்போர்டு லேன் என்பது டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட் செய்த பிறகோ மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் என்ற குட்டி பேட்டரியை மாற்றிய பிறகோ அமைப்புகள் மாறிப்போவது உண்டு. பயாஸில் எனேபிள் என்று இருந்தும் விண்டோஸில் சுவடே இல்லை என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அடாப்டர் பெயர் இருக்கிறது, முக்கோணமும் இருக்கிறது என்றால் அதை டபுள் கிளிக் செய்து ஜெனரல் டேபில் டிவைஸ் ஸ்டேட்டஸ் பெட்டியைப் படியுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு கோட் எண் இருக்கும், எல்லாமே அதில்தான். கோட் 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் முடிந்தது. கோட் 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. கோட் 31, 39 இரண்டும் டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற வகை, பெரும்பாலும் கோப்பு கெட்டிருக்கும் அல்லது பொருந்தாத பதிப்பு ஏறியிருக்கும். கோட் 10 கொஞ்சம் குழப்பமானது: கருவியைத் தொடங்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும், தவறான டிரைவராகவும் இருக்கலாம், சிப் மாட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம், மேலே சொன்ன பவர் கார்டு வைத்தியம் இதற்குத்தான் நன்றாக வேலை செய்யும். கோட் 43 வந்தால் அடாப்டரே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று விண்டோஸிடம் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவர் மாற்றியும் போகவில்லை என்றால் ஹார்டுவேர்தான். கோட் 56 தனிக்கதை, பின்னால் வருகிறேன்.

ஹார்டுவேர் ஐடி: இந்த ஒரு விஷயத்தைத் தவற விடாதீர்கள்

டிரைவர் விஷயத்தில் பெரும்பாலான குளறுபடி எந்த சிப் என்று தெரியாமல் தேடுவதால் வருகிறது. மதர்போர்டு அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், ஒரே மாடலில் வேறு வேறு ரிவிஷனில் வேறு வேறு லேன் சிப் வைப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த ஈதர்நெட் கன்ட்ரோலரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் டேபில், ப்ராப்பர்ட்டி பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக நாலைந்து வரி வரும். அதில் வென் (VEN, சிப் கம்பெனி) என்பதற்குப் பின்னால் நான்கு இடங்கள், டெவ் (DEV, சிப் மாடல்) என்பதற்குப் பின்னால் நான்கு இடங்கள், இந்த இரண்டையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் சேசிஸ் நம்பர் மாதிரி இது, பெயிண்ட் மாற்றலாம், நம்பர் பிளேட் மாற்றலாம், இது மாறாது.

வென் 8086 என்றால் இன்டெல் (ஆமாம், அவர்களுடைய பழைய பிராசஸரின் எண்ணேதான்). 10இசி என்றால் ரியல்டெக். 14இ4 பிராட்காம். 1969 என்றால் ஏதெராஸ், பழைய கில்லர் கார்டுகளும் இதில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நீங்கள் பார்க்கப்போவது முதல் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ரியல்டெக்கில் டெவ் 8168 என்றால் நம்ம ஊரில் ஆயிரக்கணக்கான போர்டுகளில் இருக்கும் சாதாரண கிகாபிட் சிப், 8125 என்றால் 2.5 கிகாபிட். இன்டெல்லில் 15எஃப்3 என்பது ஐ225-வி, 125சி என்பது ஐ226-வி. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டராக இருந்தால் வென், டெவ்வுக்குப் பதில் விஐடி, பிஐடி என்று இருக்கும், விஷயம் அதேதான்.

நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு டிரைவர் எப்படிக் கொண்டு வருவது

நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். இதற்கு எளிதான வழி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். இதற்குத் தேவையான டிரைவர் விண்டோஸ் 10, 11-க்குள்ளேயே இருக்கிறது, சில நொடிகளில் போன் ஒரு ஈதர்நெட் அடாப்டராகத் தெரியும், நெட் வந்துவிடும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், டேட்டா பேக் தீராது. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது வராது, டெதரிங் பட்டனே மங்கலாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஐபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்க வேண்டும், அதனால் இந்த நேரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யாரிடமாவது கடன் வாங்குவது நல்லது.

டெதரிங் வந்தவுடன், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போனால் (விண்டோஸ் 10-இல் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்) டிரைவர் அப்டேட்ஸ் என்ற பிரிவில் உங்கள் லேன் டிரைவர் காத்திருக்கலாம். கிடைத்தால் சந்தோஷம்.

விண்டோஸ் 11 நிறுவும்போதே "நெட்வொர்க்கில் இணையுங்கள்" என்ற திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதே டெதரிங் கைகொடுக்கும். 2.5 கிகாபிட் சிப் உள்ள புது போர்டுகளில் இந்தத் தொல்லை அதிகம், விண்டோஸ் நிறுவியில் அந்த டிரைவர் இல்லாமல் போவதுதான் காரணம். புதிய பதிப்புகளில் அந்தத் திரையிலேயே இன்ஸ்டால் டிரைவர் என்ற பட்டன் வருகிறது, பென்டிரைவில் டிரைவரைப் பிரித்து வைத்திருந்தால் அங்கேயே காட்டலாம்.

எங்கிருந்து இறக்குவது, எப்படிப் போடுவது

லேப்டாப் என்றால் அந்த லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கம், அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டு கம்பெனியின் பக்கம், மாடல் எண்ணோடு தேடி லேன் என்ற பிரிவில் பாருங்கள். அங்கே இருப்பது பழையதாக இருந்தால் இன்டெல், ரியல்டெக் தளங்களிலேயே நேரடியாக இருக்கிறது. "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறோம்" என்று சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. விளம்பரம், தேவையில்லாத இணைப்பு மென்பொருள், காசு கேட்பது, இதற்கு மேல் நெருங்கிய மாடலின் டிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்றி என்று பச்சை டிக் காட்டும் ஆபத்தும் உண்டு.

இறக்கியது ஜிப் கோப்பாக இருந்தால் முழுதாகப் பிரித்த பிறகுதான் செட்டப்பை ஓட்ட வேண்டும், ஜிப்புக்குள்ளிருந்தே டபுள் கிளிக் செய்தால் பாதியில் கோப்பு காணோம் என்று நிற்கும். செட்டப் இல்லாமல் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு மட்டும் இருக்கிறதா, கவலை வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டர் மேல் ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர், பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டி, சப்ஃபோல்டர்களையும் பார் என்ற டிக்கோடு நெக்ஸ்ட். பொருத்தமான டிரைவர் உள்ளே இருந்தால் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். "உங்களிடம் இருப்பதே சிறந்த டிரைவர்" என்று பதில் வந்து கடுப்பேற்றினால், அதே இடத்தில் லெட் மீ பிக் என்பதைத் தேர்ந்தெடுத்து ஹேவ் டிஸ்க் கொடுத்து அந்த ஐஎன்எஃப் கோப்பையே நேரடியாகக் காட்டுங்கள். அப்போதும் வென், டெவ் பொருந்தாத பெயரைப் பட்டியலிலிருந்து வலுக்கட்டாயமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், நீலத்திரை வர அது நல்ல வழி.

டிரைவர் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால்

நேற்றுவரை நன்றாக ஓடி, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் முதலில் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் டேபுக்குப் போய் ரோல் பேக் டிரைவர் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை. அப்போது அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுக்க வேண்டும், ஆனால் கேட்கும் பெட்டியில் டிரைவரையும் நீக்கு என்ற டிக்கைப் போட மறக்காதீர்கள். அது போடாமல் நீக்கினால் ரீஸ்டார்ட்டில் அதே கெட்ட டிரைவரையே விண்டோஸ் தன் கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும், "நானும் பத்து தடவை அன்இன்ஸ்டால் செய்தேன்" என்று புலம்புபவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். நீக்குவதற்கு முன் புது டிரைவரை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள், நீக்கிய பிறகு லேனில் நெட் இருக்காது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கோட் 56-க்கு வருவோம். விபிஎன், ஆன்டிவைரஸ், விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்கள் நெட்வொர்க் அடாப்டரின் மேல் போகும் வரும் தரவைப் பார்க்கும் தங்களுடைய ஃபில்டர் ஒன்றை உட்கார வைக்கும். அதைச் சரியாக நீக்காமல் பாதியில் விட்டால் விண்டோஸ் அந்த அடாப்டரை அமைத்து முடிக்க முடியாமல் அங்கேயே நிற்கும். எத்தனை டிரைவர் மாற்றினாலும் பயன் இல்லை. அந்த மென்பொருளை அதன் கம்பெனியே தரும் நீக்கும் கருவியால் சுத்தமாக எடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். போகவில்லை என்றால் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் அடியில் (விண்டோஸ் 10-இல் நெட்வொர்க் பகுதியின் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில்) இருக்கும் நெட்வொர்க் ரீசெட். இது எல்லா அடாப்டரையும் கழற்றித் திரும்பப் போடும், நீங்கள் கையால் கொடுத்த ஐபி, டிஎன்எஸ் போய்விடும், விபிஎன் திரும்ப நிறுவ வேண்டி வரலாம். அலுவலகக் கம்ப்யூட்டரில் அங்குள்ள ஐடி ஆளிடம் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

வந்து வந்து அறுந்து போகும் நெட்

இதுதான் பிடிக்கக் கஷ்டமானது. விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் நெட் அறுந்த நேரத்தில் லேன் டிரைவரின் பெயரில் எச்சரிக்கை பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இன்டெல் டிரைவர்கள் இணைப்பு அறுந்ததை ஈவன்ட் 27 என்று பதிவு செய்யும். அறுந்த நேரத்தில் எதுவுமே பதிவாகவில்லை என்றால் ரவுட்டர் பக்கமோ சேவை வழங்குபவர் பக்கமோதான் பாருங்கள்.

பதிவாகியிருந்தால், அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அப்புறம் அட்வான்ஸ்டு டேபில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருப்பவற்றை டிசேபிள் செய்யுங்கள். போக்குவரத்து இல்லாத நேரத்தில் இணைப்பைத் தூங்க வைக்கும் ஏற்பாடு இது. இரண்டு பக்கச் சிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுந்திருக்கும்போது தடுமாறும். ஐ226-வி சிப் உள்ளவர்கள் பலருக்கு இதை அணைத்ததும் தொல்லை நின்றிருக்கிறது. ஐ225-வியின் ஆரம்பகாலச் சிப்புகளில் 2.5 கிகாபிட் வேகத்தில் வன்பொருள் அளவிலேயே ஒரு குறை இருந்தது, 2020-இல் அது வெளியே வந்தது, அதற்குப் புது டிரைவரால் முழுத் தீர்வு கிடையாது. அட்வான்ஸ்டு டேபில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்பதை 1 கிகாபிட்டுக்கு இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், வீட்டு நெட் 1 கிகாபிட்டைத் தாண்டாதவர்களுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

லினக்ஸில்

இங்கே இன்டெல்லுக்கும் ரியல்டெக்குக்கும் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக இறக்க வேண்டிய நிலை அரிது. எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற ஆப்ஷனோடு (lspci -nnk) ஓட்டினால் சிப், அதன் ஐடி, எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று மூன்றும் தெரியும். ரியல்டெக் 8125 வேலை செய்யவில்லை என்றால் கெர்னல் பதிப்பைப் பாருங்கள், அதற்கான ஆதரவு 5.4-இல்தான் சேர்ந்தது. சிப்புக்குள் ஏறும் மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லை என்ற புகார், கெர்னல் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையில் இருந்தால் ரியல்டெக் ஃபர்ம்வேர் பொதியைப் போடுங்கள், டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அது சேர்ந்து வருகிறது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் நேரும். விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால் லேன் செத்துக் கிடக்கும். விண்டோஸ் டிரைவர் போகும்போது சிப்பைத் தூங்க வைத்துவிட்டுப் போயிருக்கும். விண்டோஸில் ரியல்டெக் அட்வான்ஸ்டு டேபில் ஷட்டவுன் வேக்-ஆன்-லேன் என்பதை எனேபிள் செய்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால்

லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பாருங்கள், நிறுவ வேண்டாம், சும்மா ஓட்டிப் பார்த்தால் போதும். அங்கே நெட் வந்தால் சிப் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். அங்கேயும் எல்எஸ்பிசிஐயில் பெயரே வரவில்லை, பயாஸில் எனேபிள் என்று இருக்கிறது, பவர் பிடுங்கியும் பார்த்தாகிவிட்டது என்றால் சிப் போய்விட்டது. இடி மின்னலுக்குப் பிறகு லேன் போர்ட் மட்டும் சாவது இங்கே புதிதல்ல, கேபிள் வழியாகத்தான் அது உள்ளே வருகிறது.

இதற்காக மதர்போர்டு மாற்ற வேண்டாம். டெஸ்க்டாப்பில் காலி பிசிஐஇ இடம் இருந்தால் ஒரு லேன் கார்டு, லேப்டாப் என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர். வாங்கும்போது உள்ளே இருக்கும் சிப் என்ன என்று கேளுங்கள், ரியல்டெக் 8153 போன்றவை புதிய விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் தானாகவே ஏறிக்கொள்ளும். அதை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2-இன் உச்சமே 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும், அப்புறம் கிகாபிட் வரவில்லை என்று திரும்பவும் டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.